ஒளிப்படத்திற்கும் ஒரு கொளு வேண்டும்

முன்னுரை

கல்லில் எழுதினர் நம் முன்னோர், ஓலையில் எழுதினர், பின்னர்த் தாளில் எழுதினர். ஒளியைக் கொண்டு எழுதும் கலை 1839ஆம் ஆண்டில் பாரிசிலும் இலண்டனிலும் உலகறிய வெளிப்பட்டது. கிரேக்க மொழியில் 'ஒளி' என்றும் 'எழுத்து' என்றும் பொருள் தரும் இரு சொற்கள் சேர்ந்ததே அக்கலையின் ஐரோப்பியப் பெயராகும். தமிழில் அதனைப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் எனப் பலவாறு வழங்குகிறோம்.

ஒளிப்படம் எடுப்போரை இருவகையாகப் பகுக்கலாம். கூலி பெற்றுப் பிறர் கேட்டதை எடுப்போர் ஒருவகையினர். தமக்கென ஒரு கேமராவை வாங்கி, கண்ணுக்கும் மனத்திற்கும் இனியவற்றைப் பொழுது கிடைத்தபோது எடுப்போர் மற்றொரு வகையினர். இவர்களையே 'அமெச்சூர்' என்பர்; ஆர்வலர் எனத் தமிழில் கூறலாம். ஆர்வலர் எடுக்கும் படங்களுள் பெரும்பாலானவை மூன்று பொருள்களைப் பற்றியனவாகவே இருக்கும்: பறவை, வீட்டில் வளர்க்கும் உயிர், ஊரின் அடையாளச் சின்னம். எவரும் கேளாமலேயே எடுக்கப்பட்ட இப்படங்கள், வேறெந்த ஆவணமும் பதிந்து வைக்காத செய்திகளைப் பதிந்து வைத்துள்ளன. ஆயினும் படத்தின் பின்னுள்ள கதை எழுதப்படாவிடின் அச்செய்தி நம்மை வந்து சேர்வதில்லை. சிங்கப்பெருமாள் கோயில் தொடங்கி மாமல்லைக் கடற்கரை வரை பரந்த செங்கை வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொளு தரும் பாடம்

தமிழ் பயில்வோர் இதனை எளிதில் உணர்வர். புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணையும் துறையும், பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், எச்சூழலில் பாடப்பட்டது என்னும் பழைய குறிப்புகளும் உள்ளன. இவற்றைக் கொளு என்றும் அடிக்குறிப்பு என்றும் கூறுவர். 112ஆம் பாடலை எண்ணிப் பாருங்கள். தந்தையோடும் தம் குன்றோடும் வாழ்ந்த ஒரு நிலா நாளையும், இரண்டையும் இழந்து நிற்கும் மற்றொரு நிலா நாளையும் அப்பாடல் ஐந்தே அடிகளில் ஒப்பிடுகிறது. பாடலுக்குள் பாரி என்ற பெயர் இல்லை. பறம்பு என்ற பெயரும் இல்லை. பாடியவர் பாரி மகளிர் என்று அறிவிப்பது பாடலுடன் வந்த குறிப்பேயாகும். அக்குறிப்பு அழிந்திருந்தால், யாரோ ஒருவர் எதையோ இழந்து அழுதார் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரிந்திராது.

குறுந்தொகையில் இதற்கு மாறான நிலையையும் காண்கிறோம். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாக்கிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவ்வுவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். பாடல் வாழ்கிறது, பாடியவரோ மறைந்துவிட்டார். நம் இல்லத்துப் பெட்டிகளில் உறங்கும் ஒளிப்படங்களுள் பல இந்நிலையில்தான் உள்ளன. உருவம் தெளிவாகத் தெரிகிறது. அது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கூறுவதற்கு எவருமில்லை.

அகத்திணைக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். பறவையும் விலங்கும் மரமும் கருப்பொருள்கள். ஒளிப்படக் கருவி கருப்பொருளை நன்றாகவே பிடித்துக் கொடுத்துவிடும். முதற்பொருளை எழுதி வைப்பது மனிதனின் கடமை.

பன்னிரண்டில் ஒன்று

1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் என்னும் எளிய கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதனுள் நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. படங்களை எடுத்து முடித்தபின் கேமராவையே நிறுவனத்திற்கு அனுப்பிவிட வேண்டும். படங்களும், புதுச்சுருள் இட்ட கேமராவும் திரும்பி வரும். 1900ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலையில் பிரவுனி கேமரா வந்தது. வேதியியல் அறியாதவரும் சிறுவரும் படம் எடுக்கும் காலம் அன்று தொடங்கிற்று.

தமிழக நடுத்தரக் குடும்பங்களில் அந்த இடத்தைப் பிற்காலத்தில் பெற்றது அக்ஃபா கிளிக் 3 என்னும் கேமராவாகும். தோல் உறையில் தோளில் தொங்கிய அக்கருவியை மூத்தோர் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்குரிய 120 எண் பிலிம் சுருளில் பன்னிரண்டு படங்களே எடுக்க இயலும். சுருள் வாங்கும் செலவு, கழுவும் செலவு, பிரதி எடுக்கும் செலவு ஆகிய அனைத்தையும் எண்ணியே பொத்தானை அழுத்தினர். திருமணத்திற்கு இத்தனை, பெருநாளுக்கு இத்தனை, சுற்றுலாவுக்கு இத்தனை என்று பங்கிட்டுக் கொண்ட காலம் அது.

அத்தகைய பன்னிரண்டில் ஒன்றை ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்கோ, திண்ணையில் படுத்திருந்த நாய்க்கோ ஒருவர் செலவிட்டார் எனில், அவ்வுயிர் அவ்வீட்டில் பெற்றிருந்த இடம் எத்தகையது என்பதை அறியலாம். கைபேசியில் ஒரே நாளில் நூறு படம் எடுக்கும் இன்றைய மாணவர், பழைய படம் ஒன்றைக் காணும்போது இக்கணக்கை நினைவிற் கொள்ளவேண்டும்.

வீட்டு விலங்குகள் கூறும் செய்தி

வளர்ப்பு உயிர்களின் படங்களை வெறும் குடும்ப நினைவு என்று பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். அவை சமூக வரலாறும் ஆகும். பழைய ஆல்பங்களில் பெரியவர் ஒருவரின் தோளிலோ, தாழ்வாரத்துக் கூண்டிலோ பச்சைக்கிளி இருப்பதைக் காணலாம். அக்காலத்தில் அது இயல்பான காட்சி. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகவும் அதன் பின்வந்த திருத்தங்களின் வழியாகவும் இன்று குற்றமாகும். அப்படத்தில் ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால், ஒரு வழக்கம் எந்தத் தலைமுறை வரை நிலவியது என்பதற்கு அது சான்றாகும்.

நாய்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எனத் தமிழகத்திற்கே உரிய நாய் இனங்கள் பல உள. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கென வெளியிட்ட நான்கு தலைகளுள் ஒன்றில் இராசபாளையம் நாய் இடம் பெற்றது. ஓர் இனம் முன்பு எவ்வுருவில் இருந்தது, எவ்வூர் வரை பரவியிருந்தது என்று அறிய விழைவோர்க்கு, ஊரும் ஆண்டும் குறித்த பழைய வீட்டுப் படங்கள் பெரிதும் துணைபுரியும்.

விலங்குகளை உற்றுநோக்கிப் பதிவது நம் மண்ணுக்குப் புதியதன்று. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு எனப்படும் பாறைப் புடைப்பில், பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மான் ஒன்று உண்டு. எலிகள் சூழ நின்று தவம் புரியும் பூனையும் அங்கு உண்டு. அருகே கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நாவால் நக்குகிறது. கண்ணிமைப் பொழுதில் தோன்றி மறையும் அச்செயல்களைப் பல்லவர் காலச் சிற்பி உளியால் நிறுத்தி வைத்தான். இன்றைய ஆர்வலர் கேமராவால் செய்ய முயல்வதும் அதுவே.

வேடந்தாங்கல் புள்ளினம்

இனிப் பறவைகளைக் காண்போம். சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தெற்கே, மதுராந்தகம் பகுதியில் உள்ளது வேடந்தாங்கல். தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா முதலியன கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவ்வூர் உழவர்கள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டனர். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை அளித்து அவர்களுக்குக் கவுல் வழங்கினார். அது 1858ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. எழுதிப் பெற்ற ஒரு தாளின் பயனை அவ்வூரார் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் எனலாம்.

வேடந்தாங்கலுக்கு வந்து படம் எடுக்காத செங்கை மாவட்டத்தார் அரியர். ஆனால் அங்கு எடுத்த படத்தில் நாள் குறிக்கப்படாவிட்டால் நேரும் பிழைகள் இரண்டு. முதலாவது, நத்தைகுத்தி நாரை இனப்பெருக்கக் காலத்தில் வெண்ணிறமாகவும் மற்றைக் காலத்தில் சாம்பல் நிறமாகவும் தோன்றும். நாள் தெரியாத இரு படங்களைக் காண்பவர் அவற்றை வெவ்வேறு பறவைகள் என்று மயங்கக்கூடும். இரண்டாவது பிழை அதனினும் பெரிது. கோடையில் ஏரி வற்றுவது இயல்பு. சூன் மாதத்தில் எடுத்த வறண்ட ஏரியின் படத்தைத் திங்கள் குறிப்பிடாமல் காட்டினால், பறவைகள் அழிந்துவிட்டன என்று பார்ப்பவர் வருந்துவர். சனவரியில் எடுத்த நிறைந்த ஏரியின் படத்தை மட்டும் காட்டினால், மழை பொய்த்த ஆண்டின் துயரம் மறைந்துபோகும். நாளற்ற படம் பொய்ச்சாட்சி ஆகிவிடுவதும் உண்டு.

படத்தோடு எழுத்தையும் இணைத்துத் தந்த தமிழருள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912 - 1996). பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் இவர். 1950ஆம் ஆண்டு முதல் தம் இறுதி நாள் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய கட்டுரைத் தொடரை எழுதினார், தமிழிலும் எழுதினார். வேடந்தாங்கலைப் பற்றி இவர் எழுதிய நூலைச் சென்னை மாநில வனத்துறை 1960ஆம் ஆண்டில் வெளியிட்டது. பல கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த கேமராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே படங்களை எடுத்தார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்துடன் வீட்டு முற்றத்து அணிலையும் காக்கையையும் பற்றி எழுதினார். எவ்விடத்தில், எவ்வேளையில், அவ்வுயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்னும் குறிப்பே அவருடைய படங்களுக்கு உயிர் தந்தது.

தொழில் வேறாயினும் ஆர்வத்தால் பறவைப் படம் எடுத்தோர் பிற நாட்டிலும் உளர். சிங்கப்பூரில் திரைப்பட அரங்குகள் நடத்திய வணிகர் லோக் வான் தோ (1915 - 1964) பறவைப் படங்கள் நிறைந்த நூல் ஒன்றை 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நண்பராகவும் இருந்தார். இக்காலத்தில் ஆர்வலர் படங்கள் அறிவியலுக்கு நேரடியாகவே உதவுகின்றன. மங்கோலியாவில் எண்ணிட்ட கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் ஆர்வலர் படம்பிடித்தனர். பட்டையின் எண் படத்தில் தெளிவாகத் தெரிந்ததால், இமயத்தைக் கடந்து அப்பறவை வந்த வழி புலனாயிற்று. 2015ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் பறவை ஆர்வலர் நடத்தும் கணக்கெடுப்பிலும் இடமும் நேரமும் கட்டாயம் குறிக்கப்பெறும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. படத்திற்காகக் கூட்டை நெருங்குவதும், கிளையை ஒடித்து மறைப்பை நீக்குவதும், பறவையைக் கல்லெறிந்து பறக்கவிடுவதும் தகாத செயல்கள். தாய்ப்பறவை வெருண்டு அகன்றால் முட்டை வெயிலில் கெடும். குஞ்சு காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். இது கருதியே கூட்டின் அருகே சென்று எடுத்த படங்களைப் போட்டிகள் பல ஏற்பதில்லை. கரையில் நின்று தொலைநோக்கி வழியே காண்பதே வேடந்தாங்கலில் ஏற்ற முறையாகும்.

குறிபார்த்தது ஒன்று, அகப்பட்டது மற்றொன்று

மூன்றாவதாக அடையாளச் சின்னங்களை நோக்குவோம். சிங்கப்பெருமாள் கோயிலில் ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிங்கப் பெருமாள் திருக்கோயில், பல்லவர் காலக் குடைவரையைக் கருவறையாகக் கொண்டது. பாடலம் என்பது சிவப்பு. அத்ரி என்பது குன்று. இறைவனின் திருவுரு குன்றோடு ஒன்றியிருப்பதால், வலம் வருவோர் குன்றையே சுற்றி வருகின்றனர். கருவறைக்குள் கேமராவுக்கு இடமில்லை. எனவே வந்தவர் படியிலும் வாயிலிலும் சாலையிலும் நின்றே படம் எடுத்துக்கொள்வர். அவர்கள் குறிபார்த்தது தம் குடும்பத்தை; உடன் அகப்பட்டது ஊர். பின்னணியில் தெரியும் சாலையோர மரம், ஓட்டு வீடு, மாட்டு வண்டி, கடைப் பலகை ஆகியவை இன்று அரிய செய்திகள். பெருஞ்சாலை அகன்று, மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் மகேந்திரா சிட்டியிலும் ஆலைகள் பெருகியபின், பழைய ஊரின் தோற்றத்தை இத்தகைய படங்களில் மட்டுமே காண இயலும்.

கடற்கரையிலும் இதே நிலைதான். கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவுக்குச் சென்று திரும்பிய குடும்பம் மணலில் நின்று எடுத்துக்கொண்ட பழைய படத்தில், பின்னால் மரக்கட்டைகளைப் பிணைத்த கட்டுமரங்கள் காணப்படும். இன்று அவற்றின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் பழைய படங்களில் அலைகள் கோயிலை எட்டித் தொடுகின்றன. பின்னர்க் கருங்கல் தடுப்பு அமைக்கப்பட்டது. கடல் எப்போது எவ்வளவு நெருங்கி இருந்தது என்று அறிய, நாள் குறித்த படங்களே அளவுகோல்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை இவ்வட்டாரத்தார் மறவார். அவ்வலை சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுடைய பாறையை வெளிக்காட்ட, தொடர்ந்த அகழாய்வில் செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. அதே பேரலை ஆலம்பரைக் கோட்டைக்குச் சேதம் விளைத்தது. 18ஆம் நூற்றாண்டில் நவாபு ஆட்சியின்போது சிறந்து, பின் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி, 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. எஞ்சியிருந்த சுவர்கள் 2004க்கு முன்னர் எவ்வாறு இருந்தன என்பதை, மாணவர் சுற்றுலா சென்றபோது எடுத்த மங்கலான படமும் காட்டக்கூடும். அதன் பின்புறத்தில் 'ஆலம்பரை' என்ற ஒரு சொல்லும் ஓர் ஆண்டும் இல்லையெனில், அது ஏதோ ஓர் இடிந்த சுவராகவே எஞ்சும்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் எடுத்துக்கொண்ட படத்திற்கு எவரும் விளக்கம் தேடப்போவதில்லை. நாளிதழ்களே அதற்குக் கொளு. உருண்டைக்கல்லைத் தாங்குவதுபோல் கை உயர்த்தி நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையின் படத்திற்குக் கொளு எழுதவேண்டியவர் நாமே.

கதையைக் காக்கும் முறை

செய்யவேண்டியன எளியவை. தாளில் உள்ள படமாயின், அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதவேண்டும். பேனாவின் மை மறுபுறம் ஊறக்கூடும். இடம், நாள், எடுத்தவர், படத்தில் இருப்பவர் அல்லது இருப்பது, எடுத்த காரணம் ஆகிய ஐந்தும் போதும். நாள் சரியாக நினைவில்லை எனில், 'தம்பி பிறப்பதற்கு முன்', 'பெருவெள்ளம் வந்த ஆண்டு' என்பன போன்ற குறிப்புகளும் பயன் தரும். பசையுள்ள ஆல்பத் தாளில் ஒட்டிய வண்ணப் படங்கள் நாளடைவில் கெடும். அவற்றைப் பிய்த்தெடுக்க முயலாமல், இருந்தவாறே மறுபடம் எடுத்து வைப்பது நன்று.

கைபேசியில் எடுத்த படம் தன்னுள்ளேயே நாளையும் நேரத்தையும், அமைத்திருந்தால் இடத்தையும் பதிந்து கொள்கிறது. இதனால் கவலையில்லை என்று எண்ணுதல் கூடாது. வாட்ஸ்அப் வழியே வழக்கம்போல் படமாக அனுப்பும்போது அக்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. பெற்றவரிடம் இருப்பது மீண்டும் கொளுவற்ற பாடலே. கைபேசி பழுதானால் மூலமும் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தெரிந்தெடுத்த சில படங்களை அச்சிட்டு, பின்புறம் எழுதி வைப்பது அறிவுடைமை.

இவற்றினும் விரைந்து செய்யவேண்டியது ஒன்று உண்டு. படத்தில் உள்ள முகத்தையும் இடத்தையும் அடையாளம் காட்ட வல்லவர்கள் நம் முதியோர். தாத்தாவும் பாட்டியும் அருகே இருக்கும் ஒரு மாலைப்பொழுதில் பழைய பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னவாறே எழுதிக்கொள்ளவேண்டும். ஆட்டுக்குட்டியின் பெயரைக் கூறும்போதே அதை விற்க நேர்ந்த பஞ்ச காலத்தையும் அவர்கள் கூறிவிடுவர். மரத்தைக் காட்டும்போது, அதன் நிழலில் நடந்த பள்ளியையும் கூறுவர்.

முடிவுரை

பெரிய ஊர்களின் வரலாற்றை அரசும் அறிஞரும் எழுதுவர். சிற்றூரின் ஏரியும் மரமும் நாயும் நாரையும் ஆர்வலர் எடுத்த படங்களிலேயே வாழ்கின்றன. தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து பத்துப் பழைய படங்களைத் தேடி, ஒவ்வொன்றிற்கும் பத்து வரியில் கொளு எழுதித் துறை நூலகத்தில் சேர்ப்பாராயின், மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் ஒரு வட்டாரத்தின் வரலாறு அங்கே உருவாகிவிடும். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெருமக்கள் வாழ்ந்த நாடு இது. நாம் அத்துணைத் தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டு வரை கை நீட்டினால் போதும். சொல்லித்தர மூத்தோர் இருக்கும்போதே அதனைச் செய்வோமாக.